முத்திரையில் முள்வேலி வேண்டாம் என்ற அண்ணன்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு, அவர் கோயில் மண்டபத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்த பெரியவர். இளமையில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுத விரும்புகிறேன். அவராக அதை யாரிடமும் சொன்னதில்லை; அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மலாய் நாட்டில் சிம்பாங் அம்பாட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர் அண்ணன். எனக்கு ஆறு வயதானபோது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா மரம் சீவி எங்களை வளர்த்தார். அண்ணன் பகலில் தோட்டத்து லாரிகளில் சாயத்தால் எண் எழுதுவார். மாலையில் ஆங்கிலம் படிப்பார்.

காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்தார்கள். எங்களையும் அக்கம்பக்கத்துச் சீனர்களையும் மலாய்க்காரர்களையும் ஒரே இடத்தில் குடியேற்றி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். வாசலில் சோதனை, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அந்தக் குடியிருப்புக்கு ஊர்மன்றம் அமைந்தபோது அண்ணனுக்கு அங்கே கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி வேலை கிடைத்தது.

மன்றத்தின் கடிதங்களில் பதிக்க ஒரு முத்திரை தேவைப்பட்டது. நடுவில் காவல் கோபுரம், சுற்றிலும் முள்வேலி, அதுவே பாதுகாப்பின் அடையாளம் என்று வெள்ளைக்கார அதிகாரி வரையச் சொன்னார். அண்ணன் வரைந்தார். கூடவே இன்னொரு படமும் வரைந்தார். அதில் வேலிக்குப் பதில் நெற்கதிர்கள் வளைந்திருந்தன. கூட்டத்தில் இரண்டையும் காட்டினார்.

"ஏன் நெல்?" என்று கேட்டார் மன்றத் தலைவரான பெங்ஹுலு, மலாய் ஊர்த்தலைவர்.

"நம்ம மூணு இனத்துக்கும் தட்டுல இருக்கிறது சோறுதானே" என்றார் அண்ணன்.

அப்படியானால் உனக்கு வேலி பிடிக்கவில்லையா என்று அதிகாரி கேட்டார். அந்நாளில் அது ஆளையே உள்ளே தள்ளக்கூடிய கேள்வி.

"வேலியை ஒருநாள் நீங்களே பிரித்துவிடுவீர்கள், ஐயா. முத்திரை நிற்கும். எங்கள் பிள்ளைகள் வாங்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கம்பி இருக்கும்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார் அண்ணன்.

மறுநாள் காலை போலீஸ் ஜீப் அவரை ஏற்றிப் போனது. அம்மா வாசல்வரை ஓடினார். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெங்ஹுலுவும் மன்ற உறுப்பினரான சீனக் கடைக்காரரும் நிலையத்துக்குப் போய், "அவர் கேட்டது எங்களுக்கும் வேண்டியதுதான்" என்று கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் அண்ணன் திரும்பினார்.

"ஒரு படத்துக்காகவா போயி உள்ள உக்காந்த? உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்னலா செய்வேன்?" என்று அம்மா அழுதார்.

"வெறும் படமில்லம்மா. அது நம்ம பேரு மாதிரி."

அதிகாரி கோபுரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வேலியைக் கைவிட்டார். கதிர் வளைந்த முத்திரையே மன்றத்துக்கு அமைந்தது.

பிறகு அண்ணன் குருபோங்கில் வீடு கட்டி, மூன்று பெண்களைப் படிக்க வைத்தார். குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு ஓய்வுபெற்ற பின்னும் நிரப்பிக் கொடுத்தார்.

மருத்துவமனையில் கடைசி வாரம், "அன்னிக்குப் பயமா இல்லியாண்ணே?" என்று முதன்முறையாகக் கேட்டேன்.

"பயந்தான்லா. முட்டி ரெண்டும் ஆடுச்சு. நல்லவேளை, மேசை மறைச்சிருச்சு" என்று சிரித்தார்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியர்களுக்கும், இறுதிச் சடங்கன்று மழையில் கூடாரம் போட்டுத் தந்த அண்டை வீட்டாருக்கும், டுரியான் துங்காலிலிருந்து துக்க நாள் மூன்றிலும் சமைத்துக் கொண்டுவந்த சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அண்ணன் இருந்திருந்தால் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்லியிருப்பார்.