கீழ்ப்பக்கம் பிடித்தவர்

வீடு மாற்றித் தரும் அந்தக் கம்பெனியில் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப் பொத்தான்களைத் தினமும் சோதிக்கும் வயிறு, யாரையும் நல்லவன் என்று சொல்லாத வாய். பீரோவோ ஃபிரிட்ஜோ படியிறங்கினால் கீழ்ப்பக்கம் அவருடையது. கனம் முழுக்க அங்கேதான் இறங்கும். குரலும் அங்கிருந்துதான் வர வேண்டும். அவர் "வா" என்றால் மேலே பிடித்திருப்பவன் இறங்கிக்கொண்டே இருப்பான், "நில்லு" என்றால் நிற்பான். நடுவில் சாமான் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

மேல்பக்கம் பல வருஷமாக அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவரைப் போலவே குண்டாக இருந்தவன். டாக்டர் சர்க்கரையைச் சொல்லிப் பயமுறுத்தவும் உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி போட ஆரம்பித்தான், சாயங்காலம் நடந்தான், வருஷம் முடிவதற்குள் பாதியானான். மேஸ்திரிக்கு வயிறெரிந்தது. கூடவே இருந்தவன் தன்னை மட்டும் மாட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டான் என்று எரிந்தது.

"வாயக் கட்டத் துப்பில்ல, ஊசி குத்திக்கிட்டு இளைக்கிறான். இவனெல்லாம் ஒரு ஆம்பள!" என்று லாரியில் ஏறும்போதெல்லாம் ஆரம்பிப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"நீங்களும் ஒரு தடவ டாக்டரப் பாருங்க மாமா. உங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குது" என்றான் மச்சினன் ஒருநாள்.

"என் மூச்சு எனக்குத் தெரியும். உன் வேலையப் பாருடா, ஒட்டடைக்குச்சி!" என்று எரிந்து விழுந்தார். அவருக்குத் தெரியத்தான் செய்தது. கோபமெல்லாம் அதனால்தான் வந்தது.

அன்று நாலாவது மாடியிலிருந்து ஒரு இரும்பு பீரோ. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேஸ்திரிக்கு மூச்சு முட்டியது. "நில்லு" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் அந்த ஒட்டடைக்குச்சிக்கு எல்லாம் தெரிந்துவிடுமே! வீம்பு பிடித்த மனுஷன், வாயை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கடைசியாகக் கேட்டது "வா" என்பதால் மச்சினன் இறங்கினான். பீரோ பக்கவாட்டில் சாய்ந்து, அவனுடைய வலது கை சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஊசி போட்டுப் போட்டு உடம்புல சத்தே இல்ல. பிடிய விட்டுட்டான்" என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் கூசாமல்.

லாரியே சொல்லிச் சொல்லிச் சிரித்த விஷயம், முதலாளி நம்பாமல் என்ன செய்வார்? கட்டுப் போட்டு வெளியே வந்தவனிடம், இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். மச்சினன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் மேஸ்திரி வீடு திரும்பினார். அவருடைய வீடு மூன்றாவது மாடியில், படியேறித்தான் வர வேண்டும். மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி ஃபோன் பண்ணான். அழுதானே தவிர எதுவும் சொல்லல. நீங்க சொல்லுங்க. நில்லுன்னு சத்தம் குடுத்தீங்களா, இல்லியா?"

குடுத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மூச்சு இரைத்ததே தவிர வார்த்தை வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினார்.

அந்த இரைப்பே அவளுக்குப் பதிலாகிவிட்டது. செருப்பை மாட்டினாள்.

"போதும், தெரிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.