படிக்காமல் தாண்டிய வரி

வேலையில் நான் செய்த தப்புகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை யாருடைய திரையிலோ கோணலாகத் தெரிந்து, மறுநாளே சரியாகிப்போனவை. ஒரே ஒரு தப்பு நெல்லை அழித்தது.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். சொர்ணவாரி அறுப்பு முடிந்ததும் ஊர்க் களத்தில் நெல் கொள்முதல் நடக்கும். யார் நெல்லை முதலில் எடை போடுவது என்று தினமும் சண்டை. பதிவு வரிசைப்படி டோக்கன் அச்சடிக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, பெருமைக்காக நானாகவே போய்க் கொடுத்தேன்.

ஊர்க்கோடிக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா நெல் கொண்டுவந்து கொட்டியிருந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் அறுத்தவர், அந்த வருடம்தான் முதல்முறையாக அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். மூன்று நாளாகியும் அவருக்கு டோக்கன் வரவில்லை.

"எம்பேரு எப்ப வரும் நைனா? எனக்குப் பின்னாடி வந்தவங்கல்லாம் போட்டுக்கினு போறாங்க."

"வரும்மா. மிஷின் ஆள் பாத்து கூப்பிடாது."

களத்து எழுத்தரைக் கேட்டால், "லிஸ்ட்ல இன்னா வருதோ அதத்தான் கூப்புடுறேன்" என்றார். பட்டியலைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு திமிர். வெளி வியாபாரி ஒருவர் வண்டியோடு வந்தபோது அந்த அம்மா என்னிடம்தான் யோசனை கேட்டார். கொடுக்க வேண்டாம், பொறுங்கள் என்றேன். என்னை நம்பிப் பொறுத்தார்.

அன்றைக்கே மழை பிடித்தது, நான்கு நாள் விடவில்லை. இரவல் தார்ப்பாயில் இரண்டு இடத்தில் கிழிசல். வெயில் வந்ததும் பிரித்தால் புளித்த வாடை அடித்தது. எழுத்தர் குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். நெல்லெல்லாம் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"இத்த எடுக்க மாட்டாங்கம்மா" என்றார்.

அதன்பிறகுதான் களத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பதிவில் அவர் பெயர் இருந்தது. பட்டா உள்ளவர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. பட்டா இல்லாத இவர் பெயரை மட்டும், கிராம அலுவலர் கையால் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்துத் தமிழிலேயே ஏற்றியிருந்தார்கள். சி புரோகிராம் தொடங்கும்போது அதற்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். தமிழ் எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால், செட்லோக்கேல் என்ற கட்டளையால் அந்த வசதியைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். நானும் கேட்டிருந்தேன். என் லேப்டாப் கொடுத்தது. களத்துப் பழைய கம்ப்யூட்டரில் அந்த வசதியை யாரும் ஏற்றவே இல்லை, அதனால் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைப் பார்க்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அது போகட்டும். படிக்க முடியாத வரி வந்தால் சத்தமில்லாமல் தாண்டி அடுத்ததற்குப் போ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். நடுவில் நின்றுபோனால் எழுத்தருக்கு பேஜாராக இருக்குமாம். அதைப் படித்தபோது என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

சரிசெய்ய கால்மணி நேரம் ஆகவில்லை. பட்டியலை ஓட்டினேன். மிச்சமிருந்த பெயர்களில் முதலாவதாக அவர் பெயர் வந்தது.

களத்தில் அவர் முளைத்த நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன், பாதி புரிந்திருக்கும். திட்டுவார் என்று நின்றேன்.

"இப்ப எம்பேரு வருதா?"

"வருதும்மா. மொதல்ல வருது."

"அப்ப எம்பேர எட்த்துடு நைனா. நெல்லு இல்லாம நான் முன்னாடி நின்னுக்கினு இருந்தா, பின்னாடி கீறவங்களுக்கு லேட்டாவும்."

உள்ளே போய் அவர் பெயர் இருந்த வரியை நானே அழித்தேன்.