திருக்கழுக்குன்றத்துக் குங்குமம்

கல்யாணமான புதிதில் எங்களுக்கென்று ஓர் அறை கிடையாது. சேலையூரில் வாடகை வீடு. ஒற்றைப் படுக்கையறையில் மாமியாரும் இரண்டு நாத்தனார்களும் நானும். கூடத்தில் மாமனாரும் என் கணவரும். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் மாதம் பிறந்தால் மட்டும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று அத்தை கேட்டுவிடுவார். எங்கிருந்து உண்டாகும் என்று திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு துடிக்கும்.

ஆயுத பூஜையோடு ஞாயிறும் சேர்ந்து விடுமுறை வந்தது. சந்தனப் பொட்டு காயாத மோட்டார் சைக்கிளில் கடற்கரைப் பக்கம் போய் ஓர் இரவு தங்கிவரலாம் என்றார் கணவர். வீட்டில் சொன்னது வேறு. திருக்கழுக்குன்றத்தில் வேண்டுதல், இரவு செங்கல்பட்டில் நண்பர் வீடு. அத்தைக்குப் பரம சந்தோஷம். "மறக்காம குங்குமம் வாங்கிட்டு வாம்மா" என்றார்.

மேடவாக்கத்தில் என் தோழி வீட்டில் புடவையை மாற்றி, கல்லூரி நாளில் போட்ட சுடிதாரை மாட்டிக்கொண்டேன். பெரும்பாக்கம் வயல்கள், கேளம்பாக்கம் உப்பளம், கோவளத்தில் ஒரு டீ. அதுவரை சொர்க்கம். மகாபலிபுரத்தில் ஓர் அறைகூடக் காலியில்லை. இன்னும் தெற்கே போய், ஆள் நடமாட்டமில்லாத சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சின்ன லாட்ஜைக் கண்டுபிடித்தோம்.

மேனேஜர் என் சுடிதாரையும் கலைந்த தலையையும் பார்த்தார். "ஃபேமிலிக்குத்தான் சார் ரூம்."

"என் மனைவிதாங்க."

"வர்றவங்க எல்லாரும் அதான் சொல்றாங்கோ."

கணவர் என் பக்கம் திரும்பினார். "தாலியை எடுத்துக் காட்டு."

அங்கே சாவிக்காக நின்றிருந்த வேறு இரண்டு ஆண்களும் என் கழுத்தைப் பார்த்தார்கள். நான் சுடிதார் கழுத்துக்குள் கைவிட்டு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தேன், ரேஷன் கடையில் கார்டை நீட்டுவதுபோல. உடம்பு கூசிப்போயிற்று. மேனேஜர் மீதல்ல, காட்டு என்று சொன்னவர் மீதுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"கயிறு எல்லாக் கடையிலயும் விக்குது சார். வூட்ல போன் கீதா? பெரியவங்க சொன்னா தர்றேன்."

ரோஷம் தலைக்கேறி, இவர் மாடியில் குடியிருக்கும் எங்கள் வீட்டு ஓனரின் போன் நம்பரைச் சொல்லிவிட்டார். நான் கையைக் கிள்ளியும் பயனில்லை. மாமாவை மாடிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "உங்க புள்ளை ஒரு பொண்ணைக் கூட்டிக்கினு சதுரங்கப்பட்டினம் லாட்ஜுக்கு வந்துகீறாரு. சம்சாரம்னு சொல்றாரு" என்று மேனேஜர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் முகம் சுண்டிப்போய் எழுந்து நின்றார்.

"மருமகளை நிக்க வெச்சா கேள்வி கேக்குறேன்னு பெரியவரு திட்றாரு சார்" என்று சாவியை நீட்டினார்.

அறை கிடைத்துவிட்டது. மாமாவுக்குத் தெரிந்துபோன பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரயில் பயணிகள்போல ஆளுக்கொரு ஓரமாகப் படுத்திருந்தோம். காலையில் எழுந்து கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே இருவருக்கும் மறந்துபோனது. மேடவாக்கத்தில் புடவைக்கு மாறும்போதுதான் குங்குமம் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குச் சற்று முன்னால், கேம்ப் ரோடு திருப்பத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து என்னோடு நேருக்கு நேர் பேசியிராதவர். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"நம்ம தெருப் பிள்ளையார் கோயில் குங்குமம்தான். மலையில வாங்கினதா இருக்கட்டும்மா."

எங்களுக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு நாங்கள் நுழைந்தபோது பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். அத்தை பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மலையில கூட்டமா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "லீவு நாள்ல, இருக்காதா பின்னே?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. வகிட்டில் குங்குமம் வைக்க வாகாகக் குனிந்திருக்கிறேன் என்று அத்தை நினைத்துக்கொண்டார்.