சிவப்புப் புள்ளி வைத்த இரண்டு குமிழ்கள்

லாபிஸ் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஓர் இசைக்குழுவைக் கட்டினேன். எட்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் பலகையை நானே அறுத்து, நானே பசை போட்டு ஒட்டினேன். மீன் ஏற்றிய பழைய வேனை வாங்கி, வாடை போகுமுன்பே அதில் ஆட்களை ஏற்றி ஜொகூர் முழுக்கச் சுற்றினேன். மேடை விளக்கு, வயர், ஜெனரேட்டர் எல்லாம் என் கை பட்டவைதான். “தோட்டத்து ஆளுக்கு எதுக்கு பேண்டு?” என்று சிரித்தவர்கள், பிள்ளைகளின் கல்யாணத்துக்கு என்னிடமே வந்து தேதி கேட்டு நின்றார்கள்.

இப்போது குழுவை நடத்துவது என் மகளின் கணவர். ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் மாமா என்றார். பத்து வரிக்கு ஒரு தடவை கையை உதற வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு போய்விட்டது. அப்படியும் எழுதுகிறேன் என்றால், மலரின் கடைசிப் பக்கம்தான் காரணம்.

அதற்கு முன் மெர்சிங் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இருபது வருடம் இருக்கும். கோயில் திருவிழா, எங்கள் மேடை. உறுமி வாசிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். உறுமி இல்லாமல் அந்த ஊரில் அம்மன் பாட்டுப் பாடிவிட்டு மேடையை விட்டு இறங்க முடியாது. வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து ஏறி இறங்குமே அந்த உறுமல், அதை வேறு எந்த மேளமும் தராது.

எங்களிடம் ஒரு பழைய சிந்தசைசர் கீபோர்டு இருந்தது. முகம் முழுக்கக் குமிழ்கள், குமிழ்களின் கீழே ஆங்கிலம். எனக்கு அந்த எழுத்தைப் படிக்க வராது. காலையிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். ஒரு குமிழைத் திருகினால் சத்தம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்கு ‘வழுக்கல்’ என்று பெயர் வைத்தேன். இன்னொன்று சத்தத்தின் கூர்மையை அடைக்கிறது, திறக்கிறது. அது ‘கதவு’. மருமகன் இவற்றைக் கிளைட், ஃபில்டர் என்பார்.

வழுக்கலைக் கூட்டினால் ஆம்புலன்ஸ். குறைத்தால் கொசு. கதவைத் திறந்தால் தகரத்தைக் கீறுவது போல. முழுக்க மூடினால் பக்கத்து வீட்டில் யாரோ மேசையை இழுப்பது போல. மத்தியானச் சோறும் போயிற்று. அதற்கப்புறம்தான் பிடிபட்டது. இடது சுண்டுவிரல் கீழ்க்கட்டையை விடாமல் அழுத்தியிருக்க, பெருவிரல் மேல்கட்டையைத் தட்ட வேண்டும். சத்தம் ஏறும். பெருவிரலை எடுத்தால் தானே வழுக்கி இறங்கும். ஏறும்போது வலது கை கதவைக் கொஞ்சம் திறக்க வேண்டும், இறங்கும்போது மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு திறந்தால் அது செத்த சத்தம்.

அளவு மறந்துவிடக் கூடாது. பாட வந்திருந்த என் மகளின் நகப்பூச்சை வாங்கி வழுக்கலுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, கதவுக்கு இரண்டு புள்ளி வைத்தேன். கதவு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட வேண்டும்.

சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டேன். மேடைக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“உறுமிக்காரரு வந்துட்டாரா? எங்க அவரு?”

“நான்தாம்மா.”

“வெளாடாதீங்க. உறுமி எங்க?”

கீபோர்டைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் தேடினார். எத்தனையோ பொன்னாடை வாங்கியிருக்கிறேன். அந்த அம்மா குனிந்ததற்கு அவை ஈடாகாது.

போன வாரம் ஜொகூர் பாரு வீட்டில் மருமகன் மலரின் கடைசிப் பக்கத்தைப் போனில் காட்டினார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நிறுவனர், வாகனம், ஒலிபெருக்கி என்று என் பெயர். அடுத்த வரியில், ‘கீபோர்டு உறுமி ஒலி உருவாக்கம்’ என்று அவர் பெயர்.

“மாப்பிள்ள, அந்த உறுமி நான் வச்சது.”

“நீங்க வச்சதுதான் மாமா. ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்துனது நான். உங்க புள்ளிய பார்த்து பார்த்து ஒரு வாரம் ஒக்காந்தேன் லா.”

“புள்ளி எங்க இப்ப?”

“தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன். அசிங்கமா இருந்துச்சி.”

சமையலறையிலிருந்து மகள் கத்தினாள். “அலமாக்! அது என் நெயில் பாலிஷ். பாட்டிலக்கூட இன்னும் திருப்பித் தரல. நான் சாட்சி!”

“ஒங்கப்பா பேருதான் மொத வரியில இருக்கே. நிறுவனர்! அதவிட பெருசா என்ன வேணும்?”

சண்டை போட இப்போது உடம்பில் வலு இல்லை. மருமகன் கெட்டவரும் இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்தது உண்மை. ஆனால் பெட்டி அறுத்தான், வேன் ஓட்டினான் என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். படிக்காதவனுக்குக் கை இருக்கும் என்று நம்புகிறவர்கள், காதும் இருக்கும் என்று நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மலரைத் தொகுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வேனை எடுத்துவிடுங்கள், ஸ்பீக்கரை எடுத்துவிடுங்கள், நிறுவனரைக்கூட எடுத்துவிடுங்கள். உறுமி ஒலி உருவாக்கம் என்ற வரியில் முதலில் என் பெயர் வர வேண்டும். பக்கத்தில், கம்ப்யூட்டரில் ஏற்றியவர் என்று மருமகன் பெயர் வரட்டும். முடியாது என்றால் இந்த இரண்டு பக்கத்தையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.