பாட்டை நிறுத்தும் இடம்

தையல் மெஷினின் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து இறங்கியபோது தையல்காரி தைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். விழித்ததும் கத்தவில்லை. இன்னொரு கையால் சுவரைத் தட்டினாள். பக்கத்து வீட்டிலிருந்து நான் போய், சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி விரலை விடுவித்தேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே வயதானவள் நான். தெருவுக்கே சிஸ்டர்.

"கத்திக் கூப்பிட்டிருக்கலாமே?"

"அத்தை முழிச்சுக்குவாங்க, சிஸ்டர்."

அத்தை என்றால் மாமியார். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்க் கட்டிலோடு கிடப்பவர். தொண்டையும் பாதிதான் வேலை செய்யும். மருமகள் கையால் கொடுத்தால் மட்டுமே சாப்பிடுவார். மகன் ஊட்டிப் பார்த்தான், கூலிக்கு வந்த பெண் ஊட்டிப் பார்த்தாள். பற்களைக் கடித்துக்கொண்டார் என்றால் கடித்துக்கொண்டதுதான். ஆகவே தையல்காரிக்கு ஞாயிறும் இல்லை, கோவிலும் இல்லை. கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில் வருடங்கள் போயின.

அவள் கணவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். ஞாயிறன்று சர்ச்சில் சபையின் முன்னால் நின்று துதிப் பாடல்களை நடத்துவதும் அவன்தான். எல்லோருக்கும் அவன் பாட்டுக்காரர்.

விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அவனிடம் சொன்னேன்.

"இந்த ஞாயிறு அவ கோவிலுக்குப் போகட்டும். நீ வீட்ல இரு."

"நான் இல்லாம ஆராதனை எப்படி, சிஸ்டர்?"

"ஆண்டவருக்கு உன்னை விட்டா ஆளே இல்லையா? பைபிள்ல ஓய்வுநாள் கட்டளையில மகன், மகள், வேலைக்காரி, மாடு வரைக்கும் ஓயணும்னு எழுதியிருக்கு. பொண்டாட்டின்னு தனியா எழுதலியேன்னு விட்டுட்டியா?"

முகம் சிவந்தது அவனுக்கு. "சரி. ஒரே ஒரு வாரம். அம்மா சாப்பிடலேன்னா அடுத்த நிமிஷம் அவளைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

தையல்காரி தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எனக்குத்தான் எரிச்சல்.

ஞாயிறு காலை அத்தையைத் துடைத்து, உடை மாற்றி, வழக்கம்போலச் சர்க்கரைக்கான இன்சுலின் ஊசியையும் போட்டுவிட்டுக் கிளம்பினாள். கஞ்சி கெட்டியாகக் காய்ச்சித் தயாராக இருந்தது. துணைக்கு நானும் வந்திருந்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், நான் வேணா..."

"போம்மா. செருப்பு மாத்திப் போட்டிருக்கே, அதைச் சரி பண்ணிட்டுப் போ."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்தேன். பாட்டுக்காரர் கரண்டியை நீட்டினார். வாய் திறக்கவில்லை. நான் நீட்டினேன். திறக்கவில்லை. உதட்டைக் கரண்டி நுனியால் தொட்டேன், தாடையை நீவினேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டியாயிற்று. அவன் அம்மா எங்கள் இருவரையும் முறைத்தார்.

ஊசி போட்ட உடம்பு. சாப்பாடு உள்ளே போகாவிட்டால் சர்க்கரை இறங்கி முதலில் வியர்க்கும், அப்புறம் நினைவு தப்பும். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தபோது பிசுபிசுத்தது.

"கூப்பிடறேன், சிஸ்டர்," என்று அவன் போனை எடுத்தான்.

"பொறு." சர்க்கரையைக் குழைத்து விரலில் எடுத்து அவர் கன்னத்தின் உட்புறம் தடவினேன். பற்கள் பூட்டியபடியே இருந்தன. இது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

அம்மாவின் இடது கை கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கியது. கோபம் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன்.

"விடுங்க, சிஸ்டர்," என்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். "இது தாளம்."

"என்ன தாளம்?"

"காலைத் துதிப் பாட்டு. சின்ன வயசுல அம்மா சொல்லிக் குடுத்தது." சொல்லும்போதே அவன் பாட ஆரம்பித்துவிட்டான்.

அம்மாவின் வாய் திறந்தது.

கரண்டியை உள்ளே விட்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவன் பாட்டை விடவில்லை. சபையில் பாடுவது போலக் குரலை ஏற்றிக்கொண்டே போனான். அம்மாவும் சேர்ந்து பாட மூச்சை இழுத்தார். வாயில் கஞ்சி இருந்தது.

சத்தமே வரவில்லை. கண்கள் பிதுங்கின, முகம் கறுத்தது.

"தள்ளிப் போ!" அவரை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. கஞ்சி என் சேலையில் வந்து விழுந்தது. பிறகுதான் இருமினார். அந்த இருமலைப் போல இனிய சத்தம் வேறு கிடையாது.

பாட்டுக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனில் எண்ணைத் தேடினார்.

"வை அதை."

"அம்மா செத்திருப்பாங்க!"

"சாகல. இப்ப அவளைக் கூப்பிட்டா அவ இனிமே இந்த வாசலைத் தாண்ட மாட்டா. அடுத்த தடவை ஊசி விரல்ல இறங்காது. தூக்கக் கலக்கத்துல உங்கம்மாவுக்கு இன்சுலினை ரெண்டு தரம் போட்டுடுவா. எது வேணும் உனக்கு?"

போனை வைத்தான்.

அம்மா மூச்சு சீராகும் வரை காத்திருந்தேன். "ஆ சொல்லுங்க" என்று கேட்டேன். ஆ வந்தது. குரலில் கஞ்சி தங்கிய களகளப்பு இல்லை. நெற்றி இன்னும் ஈரம்.

"மறுபடி பாடு. ஒரு வரி மட்டும். வரி முடிஞ்சதும் நிறுத்து, கஞ்சியைக் குடு. தொண்டை ஏறி இறங்கறதைப் பாரு. அதுக்கப்புறம் அடுத்த வரி."

"நடுவுல நிறுத்த எனக்கு வராது, சிஸ்டர்."

"வர வெச்சுக்கோ."

பாடினான். நிறுத்தினான். அந்த அமைதியில் அம்மா மென்று விழுங்கினார். அடுத்த வரிக்காக மகனைப் பார்த்தார். ஒருமுறை அவன் மறந்து இழுத்தபோது கம்பியை ஓங்கித் தட்டினார். அவன் சட்டென்று நின்றான். கிண்ணம் காலியாகும்போது நெற்றி காய்ந்திருந்தது. எனக்குத்தான் உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

தையல்காரி ஏறக்குறைய ஓடி வந்தாள். முதலில் கிண்ணத்தைப் பார்த்தாள். அடுத்து அத்தையின் வாய்க்குள் விரல் விட்டு, கன்னத்தில் கஞ்சி தங்கியிருக்கிறதா என்று தடவினாள். நல்ல பழக்கம்.

"யாரு குடுத்தது?"

"உன் வீட்டுக்காரர். அம்மாவுக்குப் புரை ஏறிச்சு, தட்டி எடுத்தோம். இப்ப ஒண்ணுமில்ல. நீ பாடிப் பாடி ஊட்டறேன்னு ஏன்டி சொல்லவே இல்ல?"

"நானா? நான் எங்க பாடறேன்? எனக்குப் பாட நேரம் ஏது?" உண்மையாகவே விழித்தாள். ஊட்டும்போது வாய் பாட்டை முணுமுணுத்தது அவளுக்கே தெரியாது. கோவிலுக்குப் போகாத அத்தனை வருடமும் அவள் வேளை தவறாமல் துதித்திருக்கிறாள். அவளுக்குக் கிடைக்காதது ஓய்வு மட்டும்தான்.

"ஆராதனை எப்படி இருந்துச்சு?" என்று பாட்டுக்காரர் கேட்டார். தான் இல்லாமல் எப்படி நடந்தது என்பதுதான் அவன் கேட்க நினைத்தது.

அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டாவது பாட்டுல தூங்கிட்டேன். ஆசீர்வாதம் சொல்றப்பதான் பக்கத்துல இருந்தவங்க எழுப்பினாங்க. பாவமா, சிஸ்டர்?"

"ஓய்வுநாள்தானே. சரியாத்தான் ஆசரிச்சிருக்கே."

பாட்டுக்காரர் கிண்ணத்தைக் கழுவக் கொண்டுபோனார். குழாயடியிலிருந்து அவன் குரல் கேட்டது. ஒரு வரி. பிறகு அமைதி. விழுங்கும் நேரம் விட்டு அடுத்த வரி.

"என்ன பண்றாரு?" என்றாள் தையல்காரி.

"அடுத்த ஞாயிறுக்குப் பழகறான்," என்றேன். கட்டிலில் அம்மா கம்பியைத் தட்டித் தாளத்தைத் திருத்தினார்.