காலைத் தொடாமல் விற்ற பூட்ஸ்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் பிழையான பூட்ஸை விற்றேன். தெரியாமல் விற்றேன் என்றும் சொல்ல முடியாது.

லண்டன் நடுப்பகுதியில் பனிச்சறுக்குச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் பல வருடம் பூட்ஸ் ஃபிட்டராக இருந்தேன். செவன் கிங்ஸிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், கடையின் நிலக்கீழ்த் தளத்தில் முழங்காலில் இருந்து, வருகிறவர்களின் கால்களைப் பிடித்துப் பார்ப்பதுதான் வேலை. என் மனைவி இதை ஊருக்கு ஃபோனில் சொல்லும்போது, "அவர் ஸ்போர்ட்ஸ் கொம்பனியில மனேஜர்" என்பாள். நான் பனியில் ஒருநாளும் சறுக்கியதில்லை. சறுக்கி விழுந்திருக்கிறேன், அதுவும் பஸ் நிறுத்தத்தில்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில்தான் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும், பனியில் பலகைமேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட் பழகக் கிளம்பினார்கள். தர்ஷினி அப்படி வந்தவள்.

சனிக்கிழமை

ஹரோவிலிருந்து வந்திருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும், பார்மசிஸ்ட். முந்தின வருடம் பனியில் விழுந்து வலது கணுக்கால் உடைந்து, உள்ளே தகடும் ஸ்க்ரூவும் வைத்திருந்தார்கள். இனிப் போகலாம் என்று டொக்டரும் ஃபிசியோவும் சொல்லிவிட்டார்களாம். அடுத்த சனிக்கிழமை நண்பர்களோடு பிரான்சுக்குப் பயணம்.

என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அங்கிள், நீங்க தமிழோ?" என்றாள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நான் காலைப் பிடிக்கக் குனிய, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், நீங்க போய் என்ர காலைத் தொடுறதோ! நானே போடுறன்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெள்ளைக்காரரின் கால் என்றால் எனக்கு வேலை. எங்கள் பெண்பிள்ளையின் கால் என்றால், நாளைக்கு ஏதாவது கலியாண வீட்டில் இவளுடைய அப்பாவைச் சந்தித்தால் என்ன சொல்வது என்று கை கூசியது.

"வீங்கும் அங்கிள், ஒரு சைஸ் பெரிசாத் தாங்கோ. ரெண்டு சொக்ஸ் போடுறன்" என்றாள்.

அடிபட்டவர்கள் அநேகமாகக் கேட்பது இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய பூட்ஸுக்குள் குதிக்கால் மேலே எழும்பும். அதை அடக்க லேஸை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க அழுத்தம் நேரே தகட்டின் மேல் விழும். அதனால் எங்கே முட்டுகிறது, எங்கே ஆடுகிறது என்று கையால் பிடித்துப் பார்க்காமல் நாங்கள் விற்பதில்லை. அன்றைக்கு நான் பிடிக்கவில்லை. அவள் கேட்ட பெரிய சைஸையே கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று, "நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள், ஓகே."

பெரியவரை மினக்கெடுத்தக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? பெட்டியோடு படியேறும்போது அடிபட்ட வலது காலில் பாரம் போடாமல், ஒவ்வொரு படிக்கும் இடது காலையே முன்னுக்கு வைத்தாள். பார்த்தேன். கூப்பிடவில்லை.

புதன்கிழமை

மத்தியானம் அதே பெட்டியோடு வந்து நின்றாள்.

"திருப்பித் தரலாமோ அங்கிள்? பூட்ஸில ஒரு பிழையும் இல்லை. வீட்டில போட்டு நடந்து பாத்தன். அரை மணித்தியாலம்கூட ஏலாமல் கிடக்கு. என்ர கால் இனிச் சரிவராது. ஃப்ரெண்ட்ஸை மட்டும் போகச் சொல்லிட்டன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வருடமாக அந்தக் காலை நடக்கப் பழக்கி, டொக்டரிடம் சம்மதம் வாங்கி வந்த பிள்ளை, என் கூச்சத்தால் எல்லாவற்றையும் கைவிட்டு நிற்கிறாள்.

"இரும் பிள்ளை," என்றேன். "சனிக்கிழமை நான் என்ர வேலையைச் செய்யேல்லை. இண்டைக்குக் காலைத் தாரும்."

"வேண்டாம் அங்கிள், பாவம் நீங்க."

"டொக்டரிட்டயும் இப்பிடித்தான் காலை ஒளிச்சனீரோ?"

"அவர் டொக்டர். அங்கிள் இல்லையே."

"அப்ப அரை மணித்தியாலத்துக்கு நானும் அங்கிள் இல்லை."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி போடக் கை நீட்டுகிற மாதிரிக் காலை நீட்டினாள்.

பிடித்துப் பார்த்தேன். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் தோலுக்குக் கீழே இரண்டு ஸ்க்ரூத் தலைகள் தட்டுப்பட்டன. அந்த இடம் சிவந்திருந்தது. இரண்டு கால்களையும் நிற்க வைத்து அளந்தேன். அடிபட்ட கால் கொஞ்சம் அகலித்திருந்ததே தவிர, நீளம் மற்றக் காலின் நீளம்தான். நான் விற்ற பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது.

அவளுடைய சரியான சைஸில், மேலேயும் கீழேயும் தனித்தனியாக இறுக்கக்கூடிய ஒரு சோடியை எடுத்தேன். ஒரே ஒரு மெல்லிய சொக்ஸ். ஸ்க்ரூ முட்டும் இடத்தில் ஃபோம் துண்டொன்றை ஒட்டி, பூட்ஸின் உள்மெத்தையான லைனரைச் சூடாக்கி, காலை உள்ளே விடச் சொன்னேன். லைனர் ஆறும்போது அந்த இடத்தில் ஒரு குழி விழும். பிறகு ஃபோமை எடுத்துவிட்டால் ஸ்க்ரூவை எதுவும் அழுத்தாது.

ஆறினதும் ஃபோமை எடுத்துவிட்டு மறுபடி போட வைத்தேன். முழங்காலை மடக்கச் சொல்லி, குதிக்காலைப் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. கடைக்குள் நடக்க விட்டேன். அரை மணித்தியாலம் கழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் கண் கலங்கியிருக்கிறது.

"நோகுதோ?"

"நோகேல்லை அங்கிள்," என்றாள். "அப்ப என்ர கால் பழுதாப் போகேல்லையோ?"

"உம்மட காலில ஒரு பிழையும் இல்லை. பிழை விட்டது நான்."

உடனே ஃபோனை எடுத்து, பயணத்தில் தன்னையும் சேர்க்கச் சொல்லி யாரிடமோ இங்கிலீஷில் கத்தினாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடிபட்டு எழும்பினவர்கள் எது நொந்தாலும் பழியைத் தங்கள் காலின் மேலேயே போட்டுக்கொள்வார்கள். நீங்களும் சேர்ந்து தலையாட்டாதீர்கள். குனிந்து காலைப் பிடித்துப் பாருங்கள்.