சகலை ருசி பார்த்த தண்ணீர்

என் மாமனாரின் வெற்றிலைக் கொடிக்காலைப் பிடுங்கிக்கொள்ளத்தான் சகலை வந்து இறங்கியிருக்கிறார் என்று மனதார நம்பிய முட்டாள் நான். பரமத்தி வேலூர் பஸ்ஸின் மேலிருந்து அவருடைய தகரப் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பெட்டி இறங்கினால் விருந்தாளி. நாலு பெட்டி இறங்கினால்?

சகலை என் மனைவியின் தங்கை புருஷன். காவிரி கடலில் சேரும் முகத்துவாரத்தில், கடைசி மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க வேலை. வருஷம் ஒருமுறை டின் நிறைய இறால் கருவாட்டோடு வருவார். மாமனார் வீட்டோடு இருந்து, வருஷம் பூராவும் வெற்றிலைக் கொடியோடு மல்லுக்கட்டுகிற மூத்த மாப்பிள்ளை எனக்கு மோர். டின்னோடு வந்தவருக்குக் கோழி. “உங்க சகலையைப் பாருங்க, எத்தனை பதவிசாப் பேசறாரு” என்பாள் மனைவி. பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த மனுஷன் பதவிசாக ஏப்பம் விட்டால்கூட எனக்குப் பொறுக்காது.

எண்பதுகளின் தொடக்கம், மழை தவறிக்கொண்டே இருந்த காலம். அந்த முறை டின் வரவில்லை. அவர் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள், நாலு பெட்டிகளோடு. மறுநாள் காலையிலேயே சகலை கொடிக்காலுக்கு வந்துவிட்டார். வெற்றிலைத் தோட்டத்துக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. அவரும் வெளியே கழற்றிவிட்டு வந்தார். அதுவே எனக்குச் சந்தேகம். விருந்தாளிக்கு எதற்கு இத்தனை பக்தி? குனிந்து வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். அடுத்து கிணற்றுத் தண்ணீர். பிறகு ஆற்றில் இறங்கி அதையும் ஒரு வாய். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலிருந்தது.

“தண்ணி கல்கண்டாட்டம் இருக்குதுங்க சகலை. குடுத்து வெச்சவங்க நீங்க.”

அவ்வளவுதான். மத்தியானமே தோட்டத்தின் காலி மூலையில் அகத்தி விதை ஊன்ற உட்கார்ந்துவிட்டேன். வெற்றிலைக் கொடி அகத்தியில்தான் ஏறும். அகத்தி ஊன்றியவனைப் பாதியில் கிளப்பிவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் அந்த வெயிலில் புத்தியுள்ளவன் எவனும் விதை ஊன்ற மாட்டான். பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் மாப்ள, வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சுங்களா?”

“நல்ல நேரமுங்க. சோசியர் சொன்னாரு.”

அந்தியில் மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பாகம் பிரிக்கிறார் என்றே முடிவு கட்டினேன். ‘நான் சிந்துன வேர்வைங்க மாமா’ என்ற வசனத்தை வாயில் அடக்கிவைத்துக் காத்திருந்தேன். சகலைதான் முதலில் பேசினார்.

“ஆத்துத் தண்ணி வந்து தள்ளுனாத்தானுங்க மாமா கடலு எட்ட நிக்கும். இப்பக் கடைசி மதகு வரைக்கும் தண்ணியே வாரதில்லீங்க. மதகைச் சாத்துனாலும் உப்பு ஏறி வருது. தெனமும் காலைல நாக்குல வெச்சுப் பாத்துப் பாத்து, இப்ப எந்தத் தண்ணியக் கண்டாலும் கை தானாப் போகுதுங்க. நல்ல தண்ணியும் உப்பும் கலந்தாத்தான் இறால் குஞ்சு வளரும். வெறும் உப்புல ஒண்ணும் தங்கலீங்க. அலையாத்தி மரமெல்லாம் நுனி கருகிப்போச்சு. வலைக்காரங்க பாதிப் பேரு ஊரை உட்டே போயிட்டாங்க.”

பிள்ளைகள் இருந்த பக்கம் கை காட்டினார். “ஊட்டுக் கெணறும் உப்பாயிருச்சுங்க. சின்னவனுக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது. ஆறு வர்ற வரைக்கும் இவுங்க இங்க இருக்கட்டுங்களா?”

என் வேர்வை வசனத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அப்போதும் ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது, பாருங்கள்: இத்தனை பெரிய துக்கத்தை இத்தனை பதவிசாகச் சொல்ல இந்த மனுஷனால் எப்படி முடிகிறது!

பருவநிலை மாற்றம் என்ற சொல்லை அன்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த வறட்சியை அதன் தலையில் கட்டலாமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் முகத்துவாரங்கள் உப்பேறுவதைப் பற்றி இப்போது எங்கே படித்தாலும், கண்ணை மூடிக்கொண்டு நின்ற அவர் முகம்தான் முன்னால் வருகிறது.

விடிந்ததும் சகலை மட்டும் தனியாகக் கரூர் பஸ் ஏறினார். கொடிக்காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே பள்ளிப்படிப்பை முடித்தார்கள்.